கணக்கு கற்பித்த மரிய கயித்தானா ஆக்னேசி

பள்ளிக் கணக்குகளில் மாணவரை அதிகம் தடுமாற வைப்பது எது என்று ஆசிரியர்களைக் கேட்டால், பின்னங்கள் என்றே பலரும் பதில் சொல்வர். வெறும் எண்களால் ஆன பின்னமே கடினம் என்றால், நமக்குத் தெரியாத எண், கோட்டுக்குக் கீழே, பகுதியில் போய் நின்றுகொள்ளும் சமன்பாடுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். விகிதமுறு கோவைகள் என்று பாடநூல் அவற்றை அழைக்கும். அந்தப் பாடத்தோடு பள்ளிக் கணக்குக்கு விடை கொடுத்தவர்கள் நம்மில் பலர் இருக்கிறோம். அத்தகைய கணக்குகளையும், அவற்றுக்கு மேலே எழும் உயர்கணிதத்தையும், தொடக்கநிலை மாணவரும் புரிந்துகொள்ளும் வகையில் ஒழுங்குபடுத்தி 1748ஆம் ஆண்டில் ஒரு பெரும் நூலை வெளியிட்டார் ஓர் இளம்பெண். பிறகு அந்தப் புகழை விட்டு ஒதுங்கி, நோயுற்ற ஏழைப் பெண்களுக்குப் பணிவிடை செய்தே தம் வாழ்நாளை முடித்தார். அவர்தான் மிலான் நகரின் மரிய கயித்தானா ஆக்னேசி. அவரது வாழ்வை இன்று நாம் சற்று நின்று நிதானித்துப் பார்ப்போம்.

1718ஆம் ஆண்டு மே மாதம் 16ஆம் தேதி இத்தாலியின் மிலான் நகரில் ஆக்னேசி பிறந்தார். தந்தை பியெத்ரோ, பட்டு வணிகத்தால் செல்வம் சேர்த்த குடும்பத்தைச் சேர்ந்தவர். சில நூல்கள் அவரைப் பொலோஞ்ஞா பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் என்று எழுதுகின்றன. அது சரியன்று. அவர் பணம் படைத்தவர், அந்தப் பணத்தோடு சமூகத்தில் உயர்ந்த மதிப்பும் வேண்டும் என்று ஆசைப்பட்டவர். அவ்வளவே. மூன்று மணங்களின் வழியாக அவருக்குப் பிறந்த பிள்ளைகள் 21 பேர். அவர்களில் மூத்தவர் மரியா. தாய் அன்னா ஃபோர்த்துனாத்தா பிரிவியோ 1732ஆம் ஆண்டில் இறந்தபோது மரியாவுக்கு வயது 13.

மூத்த மகளின் அறிவுக்கூர்மையைத் தந்தை சீக்கிரமே கண்டுகொண்டார். சிறந்த ஆசிரியர்களை, பெரும்பாலும் அருள்பணியாளர்களை, வீட்டுக்கே வரவழைத்தார். ஒன்பது வயதில் அச்சிறுமி, பெண்களுக்கும் உயர்கல்வி வேண்டும் என்று வாதாடும் இலத்தீன் உரை ஒன்றைக் கற்றோர் கூடிய அவையில் நிகழ்த்தினார். அவ்வுரை 1727ஆம் ஆண்டில் அச்சிலும் வந்தது. பிரெஞ்சு, இலத்தீன், கிரேக்கம், எபிரேயம், இஸ்பானியம், ஜெர்மன் என மொழிகள் ஒவ்வொன்றாய்ச் சேர, ஏழு மொழிகளின் நாவலர் என்று ஊரார் அவரை அழைக்கலாயினர்.

ஆக்னேசியின் வீட்டுக் கூடம் அக்காலத்தில் மிலானுக்கு வருகின்ற பெருமக்கள் எட்டிப் பார்த்துச் செல்லும் இடமாக இருந்தது. மூத்த மகள் மெய்யியலையும் இயற்பியலையும் பற்றி இலத்தீனில் விவாதிப்பார். தங்கை மரிய தெரேசா இசைப்பெட்டியின் முன் அமர்ந்து தாமே இயற்றிய பாடல்களை இசைப்பார். (இந்தத் தங்கை பின்னாளில் இத்தாலியின் புகழ்பெற்ற பெண் இசையமைப்பாளர்களுள் ஒருவரானார்.) 1739ஆம் ஆண்டில் அங்கு வந்த பிரெஞ்சு நீதிமான் ஷார்ல் தெ புரோஸ், தாம் கண்டதை வியந்து எழுதிவைத்தார். அதற்கு முந்தைய ஆண்டிலேயே, அவ்விவாதங்களில் பேசப்பட்டவற்றைத் திரட்டி 190 கருத்துரைகள் கொண்ட இலத்தீன் நூலாக ஆக்னேசி வெளியிட்டிருந்தார்.

இவை அனைத்தும் பெருமைக்குரியவையே. ஆனால் விருந்தினர் முன் வித்தை காட்டுவதுபோல் அறிவைக் காட்டுவது அப்பெண்ணுக்குப் பாரமாகவே இருந்தது. ஏறக்குறைய 20 வயதில், துறவற மடத்தில் சேர அனுமதி கேட்டுத் தந்தையிடம் சென்றார். தந்தை கலங்கிப்போனார். மறுத்தார். மகளும் பிடிவாதம் பிடிக்கவில்லை. வீட்டிலேயே இருக்கிறேன், ஆனால் எளிய உடை உடுத்த வேண்டும், விரும்பிய நேரத்தில் ஆலயத்துக்குச் செல்ல வேண்டும், நடன விருந்துகளுக்கும் நாடகங்களுக்கும் என்னை அழைக்கக் கூடாது என்று மூன்று வரங்கள் கேட்டுப் பெற்றுக்கொண்டார். நம் பக்தி நூல்கள் சில அவரை அருட்சகோதரி என்று எழுதிவிடுகின்றன. அவர் ஒருபோதும் துறவற வார்த்தைப்பாடு எடுத்தவர் அல்லர். கடைசிவரை பொதுநிலையினராகவே வாழ்ந்தார்.

அதன்பின் அவர் மனம் முழுவதும் கணிதத்தில் தங்கியது. 1740ஆம் ஆண்டில் ஒலிவெத்தான் சபைத் துறவியும் கணிதப் பேராசிரியருமான இராமிரோ ரம்பினெல்லி மிலானுக்கு வந்தார். அவரே ஆக்னேசியின் உண்மையான ஆசிரியர். நியூட்டனும் லைப்னிட்சும் கண்டறிந்த நுண்கணிதம் அப்போது ஐரோப்பாவின் பல மூலைகளில், பல மொழிகளில், கட்டுரைகளாகவும் கடிதங்களாகவும் சிதறிக் கிடந்தது. புதிதாகக் கற்க வருகிற இளைஞன் எங்கே தொடங்குவது, எதை முதலில் படிப்பது என்று தெரியாமல் திகைப்பான். சிதறியவற்றைச் சேர்த்து, முதல் படியிலிருந்து கடைசிப் படிவரை ஒரே நூலாகக் கட்ட வேண்டும் என்று ஆக்னேசி துணிந்தார். தம்பிகளில் ஒருவருக்குக் கற்பிக்க உதவும் என்பதும் அவரது எண்ணங்களில் ஒன்றாக இருந்தது.

1748ஆம் ஆண்டில் மிலானில் அந்நூல் வெளிவந்தது. இத்தாலிய இளையோருக்கான பகுப்பியல் பாடங்கள் என்பது அதன் தலைப்பின் பொருள். இரண்டு தொகுதிகள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள். அறிஞர்களின் இலத்தீனில் எழுதாமல், இத்தாலிய மொழியில் எழுதினார். இலத்தீனில் ஒன்பது வயதிலேயே உரையாற்றியவர் அதை வேண்டுமென்றே விட்டது நம் கவனத்துக்கு உரியது. யாருக்காக எழுதுகிறோம் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. அச்சுக்கோப்பவருக்குக் கணிதக் குறிகள் பழக்கமில்லை என்பதால், அச்சு வேலையையும் அவரே அருகிருந்து மேற்பார்த்தார்.

நூலின் முதல் தொகுதி, முடிவுள்ள அளவுகளைப் பற்றியது. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், பின்னங்களைச் சுருக்குதல் என்று தொடங்கி, சமன்பாடுகளுக்குச் செல்கிறது. அங்கிருந்து வளைகோடுகள். இரண்டாம் தொகுதியில்தான் நுண்கணிதம். படிகளில் எதையும் தாண்டக் கூடாது என்பது அவரது ஒழுங்கு.

அந்தப் படிகளுள் ஒன்றில், நமக்குப் பள்ளியில் கசந்த அந்தப் பின்னச் சமன்பாட்டில், நாமும் சற்று நிற்போம். கசப்பு பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்து வருகிறது. அந்த இடத்தை யாராவது காட்டிவிட்டால் போதும்.

எளிய கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு வேலையை இருவர் சேர்ந்து 6 நாளில் முடிக்கின்றனர். தனியாகச் செய்தால் ஒருவருக்கு மற்றவரைவிட 5 நாள் கூடுதலாகும். தனித்தனியே எத்தனை நாள்? விரைவாகச் செய்பவருக்கு 'க' நாள் என்று வைத்தால், ஒரு நாளில் அவர் செய்வது வேலையில் 'க'வில் ஒரு பங்கு. மற்றவர் செய்வது 'க+5'இல் ஒரு பங்கு. இருவரும் சேர்ந்து ஆறில் ஒரு பங்கு. எனவே,

1/க + 1/(க+5) = 1/6.

தெரியாத எண் கீழே நிற்கிறது. அதை மேலே கொண்டுவர, பகுதிகள் மூன்றுக்கும் பொதுவான மடங்கால் இரு பக்கத்தையும் பெருக்குகிறோம். பின்னங்கள் மறைந்து, 6(2க+5) = க(க+5) என்று ஆகிறது. ஒழுங்குபடுத்தினால் க² − 7க − 30 = 0. இதற்கு விடைகள் இரண்டு: 10, −3. முதல் வரியில் 10-ஐப் போட்டுப் பார்த்தால், பத்தில் ஒன்றும் பதினைந்தில் ஒன்றும் சேர்ந்து சரியாக ஆறில் ஒன்று வருகிறது. −3-ஐப் போட்டாலும் சமன்பாடு நிறைவேறுகிறது. ஆனால் மைனஸ் 3 நாளில் வேலை முடிப்பவர் உலகில் யாரும் இல்லை. ஆகவே அதைக் கைவிடுகிறோம். இங்கே சமன்பாடு ஒப்புக்கொண்டதை வாழ்க்கை மறுக்கிறது.

இதைவிட நுட்பமான சிக்கல் இன்னொன்று உண்டு.

க/(க−3) = 3/(க−3) + 2

என்ற சமன்பாட்டைப் பாருங்கள். இரு பக்கத்தையும் 'க−3'ஆல் பெருக்கினால், க = 3 + 2க − 6. சுருக்கினால் க = 3. செய்முறையில் எந்தப் பிசகும் இல்லை. மாணவர் மகிழ்ச்சியோடு விடையின் கீழே கோடு போடுவார். ஆனால் அந்த 3-ஐ முதல் வரியில் வைத்துப் பார்த்தால், பகுதி சுழியாகிவிடுகிறது. சுழியால் வகுப்பதற்குப் பொருளே இல்லை. எனவே இச்சமன்பாட்டுக்குத் தீர்வே கிடையாது.

சரியாகச் செய்த கணக்கில் பொய் எப்படி நுழைந்தது? 5-உம் 7-உம் சமமல்ல. ஆனால் இரண்டையும் சுழியால் பெருக்கினால் இரண்டும் சமமாகிவிடுகின்றன. க = 3 எனும்போது, 'க−3'ஆல் பெருக்குவது சுழியால் பெருக்குவதுதான். சமமில்லாதவற்றை அது சமமாக்கிக் காட்டிவிடுகிறது. ஆகவே பின்னங்களை நீக்கியவர், விடை கிடைத்த பிறகு, முதல் வரிக்கே திரும்பிச் சென்று சோதிக்க வேண்டும். எந்த எண்கள் பகுதியைச் சுழியாக்கும் என்று தொடக்கத்திலேயே குறித்துக்கொண்டால் இன்னும் நல்லது. இது மதிப்பெண்ணுக்காக ஆசிரியர் வற்புறுத்தும் சடங்கு என்றே பலர் நினைக்கின்றனர். உண்மையில், சோதித்தல் தீர்வின் ஒரு பகுதி. அது இல்லாமல் தீர்வு பாதியில் நிற்கிறது.

இனி ஆக்னேசியின் பெயரை உலகம் நினைவில் வைத்திருக்கும் அந்த வளைகோட்டுக்கு வருவோம். அதுவும் ஒரு விகிதமுறு கோவைதான். தரையின்மேல் ஒரு வட்டம் நிற்கட்டும். அது தரையைத் தொடும் புள்ளியிலிருந்து ஒரு நேர்கோடு இழுத்தால், அது வட்டத்தை ஓரிடத்தில் வெட்டி, மேலே போய், வட்டத்தின் உச்சியைத் தொட்டபடி தரைக்கு இணையாகச் செல்லும் கோட்டையும் ஓரிடத்தில் வெட்டும். வட்டத்தை வெட்டிய இடத்தின் உயரத்தையும், மேல்கோட்டை வெட்டிய இடத்தின் பக்கத் தொலைவையும் எடுத்துக்கொண்டு ஒரு புள்ளி வையுங்கள். நேர்கோட்டைச் சாய்த்துச் சாய்த்துப் புள்ளிகளை வைத்துக்கொண்டே போனால், மணியைக் கவிழ்த்ததுபோல் ஒரு வளைகோடு கிடைக்கும். வட்டத்தின் விட்டம் 'அ', பக்கத் தொலைவு 'க' என்றால், உயரம் = அ³/(க²+அ²).

விட்டம் 2 என்று வைத்துக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நடுவில் உயரம் 2. 2 அளவு விலகினால் உயரம் 1. 4 அளவு விலகினால் 0.4. 6 அளவு விலகினால் 0.2. தாழ்ந்துகொண்டே போகும், ஆனால் தரையைத் தொடவே தொடாது. உயரம் சுழி என்று எழுதிப் பின்னத்தை நீக்கினால் 8 = 0 என்ற அபத்தம்தான் மிஞ்சும். மேலும், இங்கே பகுதியில் நிற்பது ஒரு வர்க்கத்தோடு கூட்டிய நேர் எண். அது எக்காலத்திலும் சுழியாகாது. ஆகவே வளைகோடு எங்கும் முறியாமல், இருபுறமும் ஒரே சீராக ஓடுகிறது. உயரம் 3 எங்கே வரும் என்று கேட்டால், தொலைவின் வர்க்கம் எதிர் எண்ணாக வரும். அப்படி ஓர் இடம் இல்லை என்று சமன்பாடே சொல்லிவிடுகிறது.

இந்த வளைகோட்டை ஆக்னேசிக்கு முன்பே பிரான்சின் பெர்மாவும் இத்தாலியின் குயிதோ கிராந்தியும் ஆராய்ந்திருந்தனர். திரும்புதல் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து கிராந்தி அதற்குப் பெயர் சூட்டினார். ஆக்னேசி அதை வெர்சியேரா என்று எழுதினார். இங்குதான் வேடிக்கை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் கோல்சன், இந்நூலை ஆங்கிலத்தில் தருவதற்காகவே முதிய வயதில் இத்தாலியம் கற்றார். பேயைக் குறிக்கும் அவ்வெர்சியேரா என்ற இத்தாலியச் சொல்லாக அதை எண்ணி, சூனியக்காரி என்று மொழிபெயர்த்துவிட்டார். கோல்சன் 1760ஆம் ஆண்டில் இறந்தார். மொழிபெயர்ப்பு 1801ஆம் ஆண்டில் அச்சேறியது. அன்று முதல், தினமும் ஆலயம் சென்ற அந்தப் பக்தியுள்ள பெண்மணியின் பெயர், ஆங்கிலம் வழங்கும் நாடுகளில் ஆக்னேசியின் சூனியக்காரி என்று பாடநூல்களில் நிலைத்துவிட்டது! அந்த வளைகோடோ இன்றும் உழைக்கிறது. ஒளியின் நிறமாலைக் கோடுகளின் வடிவத்தை விவரிக்கவும், நிகழ்தகவுக் கணக்கில் கோஷிப் பரவல் என்ற பெயரிலும் அறிவியலாளர் அதைப் பயன்படுத்துகின்றனர்.

நூல் வெளியானதும் பாராட்டுகள் குவிந்தன. அந்நூல் அர்ப்பணிக்கப்பட்ட பேரரசி மரிய தெரேசா, வைர மோதிரமும் மணிகள் பதித்த படிகப் பேழையும் அனுப்பினார். பெண்களை உறுப்பினராக ஏற்காத பாரிஸ் அறிவியல் கழகம்கூட, நூலின் ஒழுங்கையும் தெளிவையும் போற்றி அறிக்கை தந்தது. பொலோஞ்ஞாவில் பிறந்து அந்நகரின் பேராயராகவும் இருந்த திருத்தந்தை 14ஆம் பெனடிக்ட், நூலைப் பாராட்டிக் கடிதம் எழுதியதோடு நிற்கவில்லை. 1750ஆம் ஆண்டில் பொலோஞ்ஞா பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியராக ஆக்னேசியை நியமித்தார். பல்கலைக்கழகம் ஒன்றில் கணிதப் பேராசிரியராக நியமிக்கப்பட்ட முதல் பெண் அவரே என்பர். இயற்பியலறிஞர் லவுரா பாஸி ஏற்கெனவே அப்பல்கலைக்கழகத்தில் கற்பித்துக்கொண்டிருந்தார். பெண்களுக்குக் கல்லூரிக் கதவே திறக்காத காலத்தில் இதைச் செய்தவர் ஒரு திருத்தந்தை என்பதை நாம் மறக்கலாகாது.

ஆனால் ஆக்னேசி பொலோஞ்ஞாவுக்குச் செல்லவே இல்லை. பல ஆண்டுகள் அவரது பெயர் மட்டும் ஏட்டில் இருந்தது. 1752ஆம் ஆண்டில் தந்தை இறந்தார். 34 வயது நிரம்பாத மகள், கணிதத்தை அன்றோடு கீழே வைத்தார். 1762ஆம் ஆண்டில் தூரின் பல்கலைக்கழகத்தார், லக்ராஞ்ச் என்ற இளைஞரின் புதிய ஆய்வுகளைப் பற்றிக் கருத்துக் கேட்டபோது, இத்தகைய காரியங்களில் தமக்கு இப்போது ஈடுபாடு இல்லை என்று பதில் அனுப்பிவிட்டார். அந்த இளைஞரே பின்னாளில் ஐரோப்பாவின் தலைசிறந்த கணித அறிஞர்களுள் ஒருவரானார்.

அறிவுலகுக்கு இது இழப்பு என்று வருந்துவோர் உண்டு. அந்த வருத்தத்தை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது. பெண் ஒருவர் அந்த இருக்கையில் உண்மையிலேயே அமர்ந்து கற்பித்திருந்தால், அவருக்குப் பின்னால் எத்தனை பேர் வந்திருப்பரோ! இன்னொரு பக்கம், உலக அறிவைத் துறந்து பக்தியைத் தேர்ந்தார் என்று புகழ்வோரும் உண்டு. அந்தப் புகழ்ச்சியும் நமக்கு உவப்பாக இல்லை. கணிதத்தை அவர் வீண் என்று கருதியிருந்தால், பத்தாண்டுகள் உழைத்து, ஒவ்வொரு பக்கத்தின் அச்சையும் கண்காணித்து, கற்போர் இடறாதபடி படி படியாக அதை எழுதியிருக்க மாட்டார். அவர் வெறுத்தது, விருந்தினர் முன் அறிவைக் காட்சிப்பொருளாக்கிய அந்தக் கூடத்தைத்தான். தந்தைக்காக அதில் அமர்ந்திருந்தார். தந்தை மறைந்தபின் எழுந்துவிட்டார்.

எழுந்தவர் நேரே சென்றது நோயாளிகளிடம். முதலில் தம் வீட்டு அறைகளிலேயே ஏழைப் பெண்களைத் தங்கவைத்துப் பராமரித்தார். பங்கில் சிறுவர்க்கு மறைக்கல்வி கற்பித்தார். 1759ஆம் ஆண்டில் வாடகைக்கு ஒரு வீடு பிடித்து, நோயுற்ற ஏழைகளோடு அங்கே குடியேறினார். பணம் தீர்ந்தபோது, பேரரசி தந்த வைர மோதிரத்தையும் படிகப் பேழையையும் விற்றார். செல்வந்தர் வீடுகளின் படியேறி நன்கொடை கேட்டார். ஒருகாலத்தில் அவரது இலத்தீனைக் கேட்க அவர் வீட்டுக்கு வந்தவர்களே அவர்களில் பலரும்.

1771ஆம் ஆண்டில், இளவரசர் திரிவுல்சியோவின் சொத்தைக் கொண்டு, ஆதரவற்ற முதியோருக்கான இல்லம் ஒன்று மிலானில் திறக்கப்பட்டது. பியோ அல்பெர்கோ திரிவுல்சியோ என்பது அதன் பெயர். பெண்கள் பகுதியின் பொறுப்பை ஏற்குமாறு பேராயர் கர்தினால் பொஸ்ஸொபொனெல்லி ஆக்னேசியைக் கேட்டுக்கொண்டார். பொலோஞ்ஞாவின் அழைப்புக்குப் போகாதவர், இந்த அழைப்புக்கு உடனே இசைந்தார். 1783ஆம் ஆண்டில் அவ்வில்லத்துக்கே குடிபெயர்ந்து, நோயாளிகளின் படுக்கைகளுக்கு இடையே தம் முதுமையைக் கழித்தார்.

1799ஆம் ஆண்டு சனவரி மாதம் 9ஆம் தேதி, 80ஆம் வயதில், அங்கேயே அவர் உயிர் பிரிந்தது. அப்போது மிலான் பிரெஞ்சுப் படைகளின் பிடியில் இருந்தது. பெரிய இறுதி ஊர்வலம் எதுவும் நடைபெறவில்லை. இல்லத்தில் இறந்த மற்ற ஏழைகளோடு, பெயர்ப்பலகை இல்லாத பொதுக்குழியில் அவரை அடக்கம் செய்தனர். வெள்ளிக் கோளில் ஒரு பெருங்குழிக்கு அறிவியலாளர் அவர் பெயரைச் சூட்டியிருக்கின்றனர். அவர் பணியாற்றிய அந்த முதியோர் இல்லம் மிலானில் இன்றும் நடந்துவருகிறது.